கடைமடையிலிருந்து ஒரு றகரம்

திருத்துறைப்பூண்டி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
உரக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில்
எட்டுக்குப் பத்து என் கடை.
"இனிமே இதுல எதுவும் ஏறாது" என்று
கம்பெனி கைகழுவிய கம்ப்யூட்டர்கள் வரும்,
சாக்கில் சுற்றி, மொபெட்டின் கால்வைக்கும் இடத்தில்,
விசைப்பலகை இடுக்கில் ரெண்டு பதர் நெல்லோடு.

அமிர்தகடேசன் கொண்டுவந்ததும் அப்படித்தான்.
விதைக்கடைக் கணக்கு மொத்தமும் அதில்.
"பத்து வருசம் உழைச்சது,
அடிமாட்டுக்கு அனுப்பச் சொல்றானுவோ."
லினக்ஸ் போட்டேன்.
"எவ்வளவு?"
"என் கூலி நானூறு."
"உள்ள போட்டதுக்கு?"
"அதுக்கு ஒண்ணுமில்ல."
காசில்லாமல் எது கொடுத்தாலும் எங்கள் ஊரில்
எலெக்‌ஷன் எப்போது என்று கேட்பார்கள்.
அவரும் கேட்டார்.

அன்றைக்குத்தான் திரையில் பார்த்தேன்:
நிருவுகிறது.
வல்லினம் இருக்கவேண்டிய இடத்தில் இடையினம்,
வேறு கல்யாணப் பந்தியில்
தெரியாமல் உட்கார்ந்தவனைப் போல.

எனக்கென்ன அதிகாரம் என்றுதான் நினைத்தேன்.
கடைமடைக்காரிக்கு மேட்டூர் திறப்பதே
பேப்பரில்தான் தெரியும்;
வந்தால் வந்தது தண்ணீர்.
ஆனால் இந்த வாய்க்காலின் கரை
முழுக்கத் திறந்து கிடந்தது.
யாரும் நடக்கலாம், தலைமடைவரை.
ஆங்கிலத்தைக் கூட்டிக் கூட்டி
மூன்று ராத்திரி நடந்தேன்.
ஓர் எழுத்தை மாற்றி அனுப்பினேன்.

பதினோரு மாதம்.
சம்பா அறுத்து, உளுந்து பிடுங்கி,
காற்று கொண்டுபோன தகரத்துக்குப் பதில்
புதுத் தகரம் போட்டுமாயிற்று.
பிறகு ஒரு வரி, எஸ்தோனியாவிலிருந்து,
ரெய்ன் என்று ஒருவர்:
நன்றி, சேர்த்துவிட்டேன்.
அவருக்குத் தமிழில் அகரமும் தெரியாது.
என்னை நம்பியிருக்கிறார்.

எதிரேறிப் போன றகரம்
எல்லா வாய்க்காலிலும் இறங்கிற்று.
யாழ்ப்பாணத்திலோ கிள்ளானிலோ யாரோ
பிழையில்லாமல் நிறுவிக்கொண்டிருக்கிறார்,
பிழை இருந்ததே தெரியாமல்.
எனக்கு அது போதும் என்றால் பொய்.
ரெண்டு நாள் வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினேன்.

உரக்கடை சம்சுகனி சொன்னார்,
"குடிமராமத்து மாதிரின்னு சொல்லேன், புரியும்."
சொல்லமாட்டேன்.
அதில் மண் சுமந்தவள் வேறு,
மதகுச் சாவி வைத்திருந்தவர் வேறு.
இதிலும் சாவி உண்டு,
சில கைகளில் நெடுங்காலம்.
சண்டையும் உண்டு: 'ரத்து செய்'
ஒட்டுமா பிரியுமா, நாற்பது கடிதம்.
கோபித்துக்கொண்டு பிரிகிறவர்
மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம்;
இருக்கிறவருக்கும் மொத்தமும் இருக்கும்.
மூணாறு தலைப்பில் வெண்ணாறு
பாமணிக்கும் கோரையாற்றுக்கும் பங்கு வைத்தால்
தண்ணீர் குறையும். இது குறையாது.
உவமை அங்கே உடைகிறது,
உடையட்டும்.

குறைவது ஆள்.
போன ஐப்பசியில் ரெய்ன் எழுதினார்:
இருபது வருடமாயிற்று, மகளுக்கு உடம்பு சரியில்லை,
தமிழ்ப் பொதியை யாராவது ஏற்கிறீர்களா?
ஒரு வாரம் எவரும் வாய் திறக்கவில்லை.
அடைமழை. கரண்ட் இல்லை.
இன்வெர்ட்டரில் நாற்பது நிமிடம் மிச்சம்.
சரி என்று தட்டினேன், வீரத்தில் அல்ல.
நாளைக்கு அமிர்தகடேசன் வந்து
"அப்டேட்டு வரலியே" என்றால்
யாரைக் கைகாட்டுவது?

பொதி என்று பெயர் வைத்தவருக்கு
சுமந்து பழக்கம் இருந்திருக்கும்.

இப்போது கடவுச்சொல் ரேஷன் கார்டு உறைக்குள்.
எனக்கு நாற்பத்தாறு, சர்க்கரை வேறு.
பராமரிப்பவர் என்று ஒரு கோப்பு இருக்கிறது:
வி. ஞானசௌந்தரி, திருத்துறைப்பூண்டி.
அடுத்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.
கண்ணில் பிழை பட்டால் எழுதுங்கள்.
ஒரு ளகரத்தில் எனக்கே சந்தேகம்.