வீட்டில் நாய்

சாட்சி சொல்லக் கூப்பிட்டால்
என்னிடம் எப்போதும் ஒன்று தயார்.
கல்லடிப் பாலம், நடுச்சாமம்,
கையில் அரைப்போத்தல் சாராயம்.
எறிந்தேன். வாவி வாங்கிக்கொண்டது.
அடுத்த கிழமை அதே தண்ணீரில் முழுக்கு.
எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்று
பதினொரு வருடத்தில் பழகியிருந்தேன்.
அங்கே உடையும்.
அங்கே சபை அல்லேலூயா சொல்லும்.

சொல்லாமல் விட்டது ஒரு வேலி.

நாவலடியில் கடல் வந்து போன பிறகு
எல்லைக்கல் எங்கே என்று கடலுக்குத்தான் தெரியும்.
நானும் அண்ணன் ஞானசீலனும்
பிணம் தூக்கிய அதே கையால்
மூன்றாம் மாதம் அளவுநாடா பிடித்தோம்.
இரண்டு முழம்.
அவன் என் பக்கம் வந்தான் என்பேன் நான்,
நான் அவன் பக்கம் வந்தேன் என்பான் அவன்.
அன்றிலிருந்து பேச்சில்லை.
பரமண்டல ஜெபத்தில்
அந்த ஒரு வரி வரும்போது மட்டும்
எனக்கு இருமல் வரும்.

எனக்கு மின்சாரசபையில் வேலை.
மாதம் அறுநூறு வீட்டின் மீட்டர் வாசிக்கிறேன்.
போன பங்குனியில் துண்டிப்புப் பட்டியல் தந்தார்கள்,
இருபத்திமூன்று பெயர்.
பதினேழாவது அவன்.

பார்த்ததும் வயிற்றுக்குள்
ஒரு இனிப்பு இறங்கியது.
இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.
சாராயம்கூட எனக்கு
அப்படி இறங்கியதில்லை.

சின்ன ஊறணியில் அவன் வீடு.
படலையைத் திறந்தது மச்சாள் புளோரா.
"வெயிலுக்குள்ள வந்திருக்கிறீங்க, இரிங்ககா.
தண்ணி குடிச்சிட்டு வேலையப் பாருங்க."
குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார்.
கதவுத் தட்டில் மூன்று முட்டை,
பக்கத்தில் இரண்டு இன்சுலின் குப்பி.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
உள்ளறையில் யாரோ இருமினார்கள்.
எனக்கு வரும் அதே இருமல்.

காற்சட்டைப் பையில் குறடு கனத்தது.
மீட்டருக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ.
ஜெபம் செய்தேன் என்று சொன்னால் அழகாயிருக்கும்,
செய்யவில்லை.
தண்ணீர் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.
தாளை எடுத்து எழுதினேன்:
வீட்டில் நாய். உட்செல்ல முடியவில்லை.

அந்த வீட்டில் நாய் இல்லை.
நாய் படலைக்கு வெளியேதான்
நீலச் சட்டை போட்டுக்கொண்டு
பட்டியலோடு வந்து நின்றது.

அந்த இரவு தூக்கம் வரவில்லை.
அவனுக்கு நான் செய்த முதல் நன்மை
பொய்யாகவா வர வேண்டும்?
திங்கள் காலை கந்தோரில் உண்மையைச் சொன்னேன்.
மேற்பார்வையாளர் றமீஸ் கண்ணாடியைக் கழற்றினார்.
"அண்ணன்ட வீடு எண்டு
முதல்லயே சொல்றதுக்கென்ன?"
எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்,
அவனுக்குப் பதினைந்து நாள் தவணை.
கட்டிவிட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.
ஆனால் அண்ணன் என்ற சொல்லை
ஒரு வேற்று வாய் எடுத்து
என் கையில் வைத்ததுபோல இருந்தது.

இப்போது சாட்சிக்குக் கூப்பிட்டால் எழும்புகிறேன்,
கொஞ்சம் நிற்கிறேன், உட்கார்ந்துவிடுகிறேன்.
பாலத்துக் கதை வாயில் நிற்பதில்லை.
பின்வாங்கிப் போனார் என்று
எனக்காக இரண்டு பேர் உபவாசம்.

வேலி அங்கேதான் நிற்கிறது.
போய்ப் பார்த்தேன்.
மறைக்கமாட்டேன், பார்த்த உடனே
மனம் முழம் போட்டது.
ஒன்றரைதான் வந்தது.

பழைய மீட்டருக்குள் ஒரு தகடு உண்டு.
ஒற்றைக் குமிழ் எரிகிற வீட்டில்
அது நிற்பதுபோலவே இருக்கும்.
புதுப் பெடியன்கள் பழுது என்று எழுதிவிட்டுப் போவார்கள்.
பொறுத்து நின்றால்
ஓரத்தில் இருந்து ஒரு கறுப்புப் புள்ளி
மெல்ல நகர்ந்து வரும்.

மாதம் ஒருமுறை அண்ணன் வீட்டுச் சுவரடியில்
அதற்காக நிற்கிறேன்.
உள்ளே அவன் இருமுகிறான்.
ஆள் நிற்பது தெரியட்டும் என்று
நானும் இருமுகிறேன்.