எட்டாம் நாள்

திங்கட்கிழமை வார்த்தோம்.
ஆறு கொங்கிறீற் கட்டிகள்,
முகத்தில் பெயின்ரால் எங்கள் குழு எண்.
மறுநாள் அச்சைக் கழற்றித்
தொட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டுக்
கை கழுவ முதலே றிஸ்லான் கேட்டான்:
"அப்ப வெள்ளிக்கிழமை போறம் தானே?"

மூன்று கட்டி ஏழாம் நாள் நொறுக்க.
மூன்று, இருபத்தெட்டாம் நாள்.
நடுவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு.
அறிவியல் நகரில் மழை பிடித்துப் பதினொரு நாள்,
விடுதிக் கொடியில் ஒரு காலுறைகூடக் காயவில்லை.
நீரியல் ஒப்படை இரண்டு, உருக்கு வடிவமைப்பு ஒன்று,
எல்லாம் செவ்வாய் நள்ளிரவுக்குள்.
துசியந்தி மடிக்கணினியைச்
சோற்றுப் பொதிக்குப் பக்கத்தில் வைத்தாள்.
இரண்டும் சூடாக இருந்தன.

ஹற்றன் பிறேமதாசனுக்கு
எங்கள் மார்கழி ஒரு பகிடி.
துவாயைத் தலையில் சுற்றி நாங்கள் நடுங்க
வான் யன்னலைத் திறந்துவிட்டு
"இதுக்குப் பேர் குளிரா?" என்றான்.
பரந்தனில் கேட்டான்.
விசுவமடுவிலும் கேட்டான்.

அளம்பிலில் கடல்
வாசலுக்கு வந்துவிட்டுப் போனது.
அம்மா எடுத்தா.
"லாப்பில நிக்கிறன் அம்மா."
"என்ன பிள்ளை அந்தச் சத்தம்?"
"மெசின்."
அலை ஒன்று உடைந்தது.
"பெரிய மெசின் போல," என்றா,
நம்பினாவோ தெரியாது.

இரவு கரண்ட் போனது.
மிஞ்சியது ஒரு பற்றரி,
ஆளுக்கு இருபது நிமிடம்.
வளையின் திருப்புதிறன் கணக்கில் நுவனி இருக்க,
பொரித்த சூடையின் முள்ளை எடுத்து
அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தோம்.
"லுணு மதி," என்றாள் கண்ணெடுக்காமல்.
உப்புக் காணாதாம்,
அந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு.

ஞாயிறு ஒருவரும் படிக்கவில்லை.
அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை,
நனைந்தோம்.

திங்கள் விடியத் திரும்பினால்
வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர்.
"வீதி மூடியாச்சு," பொலிஸ்காரர் சொன்னார்,
மாங்குளம் பாதையும் ஒட்டுசுட்டானில் அப்படித்தானாம்.
அங்கே ஏழாம் நாள் தொடங்கியிருந்தது.

சும்மா நிற்கத் தெரியாத சாதி நாங்கள்.
றிஸ்லான் செருப்பை எறிந்தான்,
துசியந்தி கைபேசியில் செக்கன் பிடித்தாள்,
பத்து மீற்றரை ஆறு செக்கனில் கடந்து
செருப்பு நந்திக்கடலுக்குள் போனது.
வீச்சுவலையோடு நின்ற ஒருவர்
எங்கள் கொப்பியை எட்டிப் பார்த்தார்.
"தங்கச்சி, தண்ணி ஓடுது.
அவ்வளவுதான்."

அகிலரூபன் மட்டும் இறங்கவில்லை.
ஆறு வயதில் இந்தப் பாலத்தை
யாரோ ஒருவரின் சேலையைப் பிடித்து நடந்து கடந்தவன்.
அவன் சொன்னதில்லை,
அவன் அக்கா ஒருமுறை சொன்னா.
வான் கதவைப் பிடித்தபடி
எங்கள் தலைகளை எண்ணினான்,
திரும்ப எண்ணினான்.
"கரைக்குக் கிட்டப் போகாதேங்கோ," என்றான்.
றிஸ்லான் மற்றச் செருப்பை எறியவில்லை.

விடுதிக்கு வர இரவு ஒன்பதரை.
லாப் பூட்டு.

செவ்வாய் காலை
"ஏழு எண்டு போடுவம், ஆருக்குத் தெரியும்?"
என்று கிசுகிசுத்தவள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.
லாப் பொறுப்பாளர் தவநேசன்
கட்டியைத் துடைத்துத் தராசில் வைத்தார்.
என் களுசான் மடிப்பிலிருந்து
கொஞ்சம் மணல் தட்டில் கொட்டுண்டது.
விரலில் எடுத்து உரசிப் பார்த்தார்.
"கடல் மண். கொங்கிறீற்றுக்கு ஆகாது,"
வேறொன்றும் கேட்கவில்லை.

முள் ஏறியது.
முந்நூறு. முந்நூற்றைம்பது.
ஆறு பேரும் மூச்சுவிடவில்லை.
நானூற்றைந்தில்
உள்ளுக்குள் ஏதோ மெல்ல முறிந்த சத்தம்,
பக்கங்கள் உதிர்ந்து
இடுப்பு ஒடுங்கி நின்றது கட்டி.
வயது என்ற கட்டத்தில்
அகிலரூபன் எட்டு என்று எழுதினான்.
அழுத்தி எழுதினான், தாள் கிழியப் பார்த்தது.

மிச்சம் மூன்றையும் சரிபார்க்கத்
தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்ட பிறேமதாசன்
"அம்மாடி," என்று உதறினான்.
ஒருவரும் அவனை விடவில்லை,
"இதுக்குப் பேர் என்ன? சொல்லு, சொல்லு!"

மணி பத்து.
நள்ளிரவுக்குப் பதினாலு மணித்தியாலம்.
உருக்குக் கணக்கு அரைவாசியில்.
ஒருவரும் இன்னும் குளிக்கவில்லை.