பேசாமல் தின்பது

முதலில் நகம்தான் வளர்ந்தது.
ஓக் மரத்தடியைக் கிளறிக் கிளறித் தேயவேண்டிய நகம்,
ப்ரீச்சொலாவுக்கு மட்டும் வளைந்து நீண்டு
சமையலறைத் தரையில் டக் டக் என்றது.
யாரோ குதிகால் செருப்போடு வருவதாக
நிக்கந்த்ரோ இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

பிறகு கண்ணைச் சுற்றி முடி உதிர்ந்தது.
கண்ணாடி போட்ட வாத்தியாரம்மா என்று
மதுக்கடையில் சிரித்தார்கள்.
அவனும் சிரித்தான்.

அக்டோபரில், மழை விட்ட மறுநாள்,
மொலீசேயின் ஒரு சரிவில்
அவள் மோப்பம் பிடித்து நின்றாள்.
கிளறவில்லை.
குனிந்து பார்த்தான்.
ஈரச் சருகில் ஒரு சொட்டு.
இன்னொன்று.
இடது நாசி.
முழ ஆழத்து வெள்ளை ட்ரஃபிளை
பத்தடி தள்ளி நின்றே அறியும் மூக்கு.
கைக்குட்டையை வைத்து அழுத்தினான்.
அவள் அவன் மணிக்கட்டை நக்கினாள்.
அப்போதும், சின்னக் கொத்தை அந்த இடத்தில் குத்தி
அடையாளம் வைத்துவிட்டுத்தான்
அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.
இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் இம்மக்கொலாத்தா
உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார்.
ஈறு, துவைத்துத் துவைத்து வெளுத்த துணி.
"கோடையில் எங்கே படுப்பாள்?"
"வெளியே. கல்சுவர் ஓரம், குளுமைக்கு."
"ம்."

மயங்கியவளின் தோளெலும்பில்
ஊசி திருகித் திருகி இறங்கியது,
நான்கு நாள் ரொட்டியில் கத்தி இறங்குகிற சத்தம்.
ஏறியது அரை மில்லி.
கொழுப்புத் துணுக்குகள் மினுங்கும்
கருஞ்சிவப்புத் துளி.

நுண்ணோக்கியில் அவனையும் பார்க்கச் சொன்னார்.
"ரத்தம் பிறக்கும் வீடு இது.
சிவப்பணுக் குஞ்சுகள் மொய்க்க வேண்டும்.
எண்ணிப் பார்."
நான்கு எண்ணினான். ஐந்து.
மூக்கில் வழிவதை அடைக்க
தட்டணுக்களும் போதவில்லையாம்.

நடுவில் பெரிதாய் ஓர் அணு, ஓரம் கந்தலாய்.
அந்நியனைக் கண்டால் விழுங்குவது
அதன் காவல் வேலை.
விழுங்கியிருக்கிறது.
விழுங்கியது சாகவில்லை.
வயிற்றுக்குள் இருபது, முப்பது மணிகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு கீற்று,
பாதியில் கை நடுங்கிவிட்ட ஆய்த எழுத்து.
காவல்காரன் வயிற்றில் கள்ளன் குடித்தனம்.
பெருகி, சுவரை உடைத்து வெளியே வந்தால்
அடுத்த காவல்காரன்
வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான்.

உடம்பு சும்மா இருக்கவில்லை,
அம்பு மேல் அம்பாக எய்கிறது.
எல்லாம் போய்த் தைப்பது சிறுநீரகத்தில்.

"எப்படி வந்தது?"
"பாப்பத்தாச்சி."
மணல் ஈ. கொசுவில் பாதி. ரீங்காரம் கிடையாது.
பேசாமல் தின்பது என்று
பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறது ஊர்.
எத்தனை ஜூன் இரவுகள்
அந்தச் சுவரோரம், அவள் காதுமடலில்.
அவன் ஜன்னலுக்கு மட்டும் வலை அடித்திருந்தான்.

"குணமாகுமா?"
"அடங்கும். போகாது.
மாத்திரை காலையும் மாலையும்.
ஈரல் போடாதே.
வெயில் ஏறும் முன்பே கழுத்துப்பட்டை."
"மூக்கு?"
"ரத்தம் நிற்கும்."
அவன் கேட்டது ரத்தத்தை அல்ல.
அவருக்கும் தெரியும்.
சீட்டில் தேதியை எழுதிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் நகம் வெட்டி, மெலிந்த தோளோடு
அவளே முன்னால் நடந்தாள்.
கொத்தின் இரும்பில் துரு.
பக்கத்தில் கிளறினாள், மெதுவாக,
நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து.
வந்தது அழுகலாய், புழு நெளியும் ஒரு கைப்பிடி.
அந்த நாற்றம் அவன் மூக்குக்கே எட்டியது.

நல்லதுக்குக் கொடுக்கும் அதே பிஸ்கட்டைக் கொடுத்தான்.
மண்டியிட்டு அவள் முகத்தைத் திருப்பினான்.
வலது நாசி.
இடது நாசி.
ஈரம். வெறும் ஈரம்.

மணி நான்கு. இறங்க ஒரு மணி நேரம்.
மாத்திரை ஏழுக்கு.