கடைசிக் காம்பரா

மூன்றாவது பிஸ்டனின் தலையில்
இரண்டு ரூபாய்க் குற்றி அளவு ஓட்டை.
இஃப்லால் அதற்குள் விரலை விட்டுப் பார்க்கிறார்,
பல் விழுந்த இடத்தைப் பிள்ளை துழாவுவதுபோல.
'பூஸ்ட் கூட்டினது பிழையா, அக்கா?'
பூஸ்ட் பிழையில்லை.
காற்றைத் திணித்தீர்கள், கூடவே பெற்றோல் போகவில்லை.
வறண்ட நெருப்புக்கு
அலுமினியமும் விறகுதான்.

வேறு எஞ்சின் ஏற்றியாயிற்று.
நானுஓயாவில் மத்தியானமே மூட்டம்.
கராஜில் லைட்டைப் போட்டுக்கொண்டு
கிளான்சாவின் பின்சீட்டைக் கழற்றி
தாங்கியின் மூடியைத் திறந்து
பழைய பம்பை உருவினேன்.
உள்ளங்கையில் அடங்கும் சாமான்.
இருபத்தேழு வருடம் இருட்டில், பெற்றோலில் முங்கியபடி
சுற்றிக்கொண்டிருந்தது.
அதைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

புதியது மணிக்கு இருநூற்றைம்பத்தைந்து லீற்றர் தள்ளும்.
பெட்டியை வாசித்துவிட்டு டிரோஷன் சிரித்தான்:
'கியூஆர் காலத்தில இது இருந்திருந்தா
ஒரு கிழமைப் பங்க
அஞ்சு நிமிசத்தில குடிச்சிருக்கும்.'

தாங்கிக்குள் ஒரு விரல் நீள ஹோஸ்.
வெளியில் ஓடுகிற ரப்பர் போதாதா என்றார் இஃப்லால்.
போதாது.
உள்ளும் புறமும் பெற்றோல் நனைத்தால்
சாதா ரப்பர் ஊறி, கொழகொழத்து, கழன்றுவிடும்.
சரியான துண்டு கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது.
கொண்டக்டருக்குத் தனியாக இருநூறு.

பூட்டினோம். மானி மூன்று காட்டியது.
இஃப்லால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்,
கிறீஸையும் பாராமல்.
பொறுங்கள் என்றேன்.
மானியை இழுத்து முன்கண்ணாடிக்கு வெளியே
டேப் போட்டு ஒட்டினேன்.
நின்ற இடத்தில் எல்லாப் பம்பும் நல்ல பம்புதான்.

மூன்றாம் கியர்.
இரண்டு பக்கத் தேயிலையும் ஒரே பச்சைக் கோடு.
டர்போ விசிலடிக்க
முள் ஏறியது: மூன்று, மூன்றரை, நான்கைத் தொடப் போய்
கோயில் முடக்கில்
இறங்கியது.
'கால எடுங்க!'

படித்துத் தெரிந்ததல்ல இது.
கீழ்ப்பிரிவு, நாலாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா.
மேட்டில் தாங்கி நிறையத் தண்ணீர்.
கொம்பனி புது மோட்டர் போட்டது, படமும் பிடித்தது.
விடிய ஐந்துக்கு எல்லாரும் பைப்பைத் திறந்தால்
எங்கள் வாசலில் காற்று இருமும்.
அம்மா கொழுந்துக்குப் போகுமுன்
வாளியோடு முதல் காம்பராவுக்கு நடப்பாள்,
தண்ணீரும் பேச்சும் வாங்க.
மோட்டரை இரண்டு தடவை மாற்றினார்கள்.
அரை அங்குலக் குழாயை
ஒருவரும் தொடவில்லை.

ஆறு மில்லிமீற்றர் லைனைப் பிடுங்கினேன்.
கல் பட்டு நசுங்கிய இடம் ஒன்று,
அண்ணாந்து படுத்தால் மட்டும் தெரிவது.
எட்டு மில்லிமீற்றர் போட்டேன், முடக்குகளில்
மடிப்பு விழாமல் மெல்ல வளைத்து.
ஃபில்டர் புதிது.
ஓடும்போது பம்பின் முனையில் வோல்ட் அளந்தால் பத்தரை.
மின்சாரத்துக்கும் ஒரு கடைசி வீடு.
தடித்த வயர், ரிலே, பற்றரியிலிருந்து நேரே.

இரண்டாம் தடவை ஏற்றம்.
கோயில் முடக்கில் முள் நான்கில் நின்றது.
இஃப்லால் ஏதோ கத்தினார்.
நான் முள்ளைத்தான் பார்த்தேன்,
மேல் மலை வரும்வரை.

திரும்பி வந்து டோர்ச் அடித்து
ஒவ்வொரு யூனியனையும் விரலால் தடவி
மணந்து பார்த்தேன். ஈரமில்லை.
பம்பின் பெட்டியைத் தூக்கிப் பிடித்து
இஃப்லால் படமெடுத்தார், கூட்டாளிகளுக்கு அனுப்ப.
பில்லைப் பார்த்து
'பம்பை விட லைனுக்குக் கூட விழுந்திருக்கே' என்றார்.
'ஓம்' என்றேன்.

கை கழுவப் பைப்பைத் திறந்தேன்.
இருமியது.
பிறகு வந்தது.