கிளினிக் கொப்பி

கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால்
இரண்டு எண்கள், நடுவில் ஒரு சாய்கோடு.
கீழே: உப்பைக் குறைக்கவும்.

நாவற்குடாச் சந்தியில் மணலை மீன் வாங்கினேன்,
செவுளை விரித்துப் பார்த்து.
"பொரிக்கவோ தங்கச்சி?" என்றான் வெட்டுகிறவன்.
"அவிக்க."
கத்தி ஒரு கணம் நின்றது.

வற்றாளைக் கிழங்கு வட்டம் வட்டமாய்.
மரவள்ளி, நடுநார் உருவி.
பெயின்ற் வாளியில் வளர்ந்த ரம்பை,
கிணற்றடியில் கற்பூரவள்ளி நாலு இலை,
பிடுங்கிய கையில் இரவுவரை மணம்.
மீனை வாழையிலையில் கட்டிக்
கிழங்கின்மேல் கிடத்தி மூடினேன்.

லொறியை நிறுத்திவிட்டு வந்த பத்மராசா
மூடியைத் திறந்து பார்த்தான்.
"ஆசுபத்திரிச் சாப்பாடு."
பிறகு பேச்சில்லை.
முள்ளை ஒவ்வொன்றாய் எடுத்து
டீசல் ரசீது அடுக்குகிற மாதிரி
இலையோரம் அடுக்கினான்.
கிழங்கில் ஊறிய சாற்றை விரலால் வழித்து,
"உப்புப் போட்டிருக்கிறாய்" என்றான்,
களவைப் பிடித்தவன்போல.

இல்லை. வாவிக்குள் கிடந்த மீன்;
தன் பங்கைத் தானே கொண்டுவந்திருக்கும்.

உப்புப் போத்தல்
அரிசி வாளிக்குள் புதைந்து கிடக்கிறது.
கோப்பை கழுவும் சாட்டில் குசினிக்குப் போய்
கையை விட்டுத் துழாவி
ஒரு கல்லு, ஒரேயொரு கல்லு,
என் நாக்கில் வைத்தேன்.