ஒன்பதாம் படி

கெய்யோன் துறையில் மழை
யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
துத்தநாகக் கூரைக்கடியில், மேசைமேல்
துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி
மல்லாந்து கிடக்கிறது.
சால்மன் கூண்டுகளுக்குத் தீனி தூவும் மிதவைக்கு
மூளை இதுதான்.
ஆறு கம்பிவடம் உள்ளே போக
ஆறு துளை. எல்லாம் இருபது மில்லி.

சாதாரண பிட் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்:
மெல்லிய தகட்டில் அது
வட்டம் என்று தொடங்கி
முக்கோணத்தில் முடிக்கும்.
கடைசிச் சுற்றில் தகட்டைக் கவ்விக்கொண்டு
காற்றாடியாய்ச் சுழற்றும்.
என் இடது மணிக்கட்டில்
அதன் கையெழுத்து இருக்கிறது.

ஆகவே இந்தக் கூம்பு. படி வெட்டிய பம்பரம்.
நான்கில் தொடங்கி இரண்டிரண்டாய்த் தடிக்கும்.
ஒன்பதாம் படி இருபது.
அங்கே கறுப்பு மையால் ஒரு வளையம் போட்டிருக்கிறேன்,
இதற்கு மேல் உனக்கு வேலையில்லை என்று.

ஒரு சொட்டு எண்ணெய். வேகம் வேண்டாம்,
அவசரக்காரரைக் கண்டால் இந்த எஃகு இறுகிவிடும்.
ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு சின்ன டக்.
காதால்தான் எண்ணுகிறேன்.
முடிவில் பத்தாம் படியின் ஓரத்தை
விளிம்பில் ஒரு கணம் ஒற்றி எடுப்பேன்,
பிசிறு போய்விடும்.
ஒற்றுவது வேறு, இறங்குவது வேறு.
நான்கு துளை அப்படியே.

ஐந்தாவதில் எட்டு எண்ணியபோது
மின்சாரம் போயிற்று.
ஒத்தோனியேல் இருட்டில் தீப்பெட்டி தேடி
எதையோ உருட்டினான். திட்டினேன்.
திட்டும் மும்முரத்தில்
விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை,
டிரில்லின் மேலிருந்து உடம்பையும்.

விளக்கு வந்தது. டிரில்லும் வந்தது.
டக். டக்.

படி தாண்டாதே, படி தாண்டாதே என்று
பெண்களிடம் சொல்லிச் சொல்லியே தேய்ந்த வாய்கள்
இந்தப் பிட்டிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

இருபத்திரண்டு.

துளையைப் பெரிதாக்க ஆயிரம் வழி.
சிறிதாக்க
அளவுகோலை மூன்று முறை வைத்தேன்,
எண் மனம் மாறுமா என்று.

"சிலிக்கான் அப்பிவிடு" என்றான்.
உப்புத் தண்ணீருக்குச் சிலிக்கான் என்றால் இளக்காரம்.
மாலை ஏற்றத்தோடு படகு கிளம்பிவிடும்.
புவேர்ட்டோ மான்ட்டிலிருந்து வேறு பெட்டி வர
மூன்று நாள், அதுவும்
கால்வாய் அடங்கிக் கிடந்தால்.
இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கையில்
அவன் உட்கார்ந்து
வலது பூட்ஸைக் கழற்றி
அதன் கழுத்தில் ஒரு ரப்பர் வட்டம் வெட்டினான்.

மிச்சத் தகட்டில் இருபது துளைத்தேன்,
இம்முறை வாய்விட்டு எண்ணி.
பெட்டி, ரப்பர், தகடு, நட்டு.
இறுக்கினேன். குழாயைத் திறந்து பீய்ச்சினேன்.
உள்ளே வைத்த செய்தித்தாளில்
விலைப்பட்டியல் உலர்ந்தே இருந்தது.

ஆறாவது பாக்கி.
மை வளையம் எண்ணெயில் கரைந்திருந்தது,
மறுபடி போட்டேன்.
ஒத்தோனியேல் குட்டைப் பூட்ஸை மாட்டிக்கொண்டு
சுவர்ப் பக்கம் போனான்.
நான் துளைத்து முடிக்கும்வரை
எதுவும் பேசாமல்
பிளக்கைப் பிடித்தபடி நின்றான்.