பூட்டுக் கோப்பு

சிலேயின் தெற்கே ஆச்சாவோ படகுத்துறை,
கூட்டுறவுச் சங்கத்தின் மாடியறை.
ஒரு மேசை, ஒரு கணினி,
அதற்குள் ஒற்றைக் கோப்பாக
முந்நூற்றுப் பதினாறு சிப்பிப் படுகைகள்:
யாருடையவை, எத்தனை கயிறு,
கடைசியாகச் சோதித்தபோது எவ்வளவு நஞ்சு.

ஒருவர் உட்கார்ந்து தட்டுவதற்கென்று எழுதிக் கொடுத்தவன்
சம்பளம் போதாமல் வடக்கே சுரங்கத்துக்குப் போய்விட்டான்.
பிறகு தீவுக்காரர்கள் கேட்டார்கள்,
எங்களுக்கும் வேண்டுமே என்று.
படகில் இரண்டரை மணி நேரம்,
அதுவும் காற்று சம்மதித்தால்.
நான்தான் வழி போட்டேன்.
கோப்பு கடலைத் தாண்டி
அவரவர் மடிக்கணினிவரை நீண்டது.
நீளக்கூடாது என்று தெரிந்தேதான் செய்தேன்.
ஆறு பேர் கெஞ்சினால்
தெரிந்தது எதற்கு உதவும்?

திறந்ததும் பக்கத்தில் பிறக்கும்
ஒரு குட்டிக் கோப்பு, பூட்டு என்று பெயர்.
கடைசி ஆள் வெளியேறினால் தானே மறையும்.
காற்றில் இணைப்பு அறுந்தவளும்
அதன் கணக்கில் உள்ளேதான் இருக்கிறாள்.

மார்ச்சில் சிவப்பு ஓதம் வந்தது.
பெயர்தான் சிவப்பு; நீர்
எப்போதும்போலச் சாம்பல்.
ஆய்வகத்தில் ஒத்திலியா சிகுவாய்
212ஆம் படுகையின் முடிவைக் கையில் வைத்திருக்கிறாள்:
நூற்று நாற்பது. எண்பதுக்கே மூட வேண்டும்.
தட்டுகிறாள். திரை சொல்கிறது:
இந்தப் பதிவை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்.
மறுபடி தட்டுகிறாள்.
வேறொருவர். வேறொருவர்.

அந்த வேறொருவர் எடெல்மிரா நவெல்கின்,
அப்பியாவ் தீவில், மின்சாரம் போன வீட்டில்,
கயிறு எண்ணிப் பாதி எழுதிய பதிவை மறந்துவிட்டு
மழைக்கோட்டு போட்டுக் கரைக்கு இறங்கியவள்.
அங்கே 212இல் கட்டியிருக்கிறது
சிப்பி ஏற்ற வந்த படகு.

கைப்பேசி எடுக்கவில்லை.
ரொசெந்தோ வானொலிப் பெட்டியை வாயருகே வைத்துக் கத்தினான்:
எடெல்மிரா, இருநூற்றுப் பன்னிரண்டை விடு!
விடு, கேட்கிறதா, விடு!

அவன் சொன்னது பதிவை.
அவளுக்குக் கேட்டது கயிற்றை.
ஏன் என்று கேட்கவில்லை.
கத்தியால் ஒரே வெட்டு;
காலிப் படகு கெனாக் பக்கம் மிதந்து போயிற்று,
மேலே மாலுமி இரண்டு கையையும் விரித்தபடி.

அன்று யாரும் சாகவில்லை.
படகுக்காரன் மட்டும்
கயிற்றுக்குப் பில் அனுப்பினான்.

ஒரு உறையில் இரண்டு கத்தி என்பார்கள்;
நான் ஏழு கத்தி செருகியிருந்தேன்.
அந்த வாரமே எல்லாவற்றையும் அவிழ்த்தேன்.
இப்போது கோப்பு மாடியறையைவிட்டு அசைவதில்லை.
அதை ஒட்டிய தடித்த கணினி ஒன்றுக்குள்
ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு கடவுச்சொல்.
தனித்தனி இலை, ஒரே பானை.
கடலைத் தாண்டுவது படம் மட்டும்,
திரும்பி வருவது விரல் மட்டும்.
இணைப்பு அறுந்தாலும்
விட்ட இடத்தில் காத்திருக்கும் மேசை.
ஆள் பத்து நிமிடம் அசையாவிட்டால்
பதிவு தானே மூடிக்கொள்ளும்.

குறை இல்லாமலா?
எழுத்து விரலுக்குப் பின்னால் நடந்து வருகிறது என்கிறாள் எடெல்மிரா,
தூங்கி எழுந்த பிள்ளைபோல.
அச்சு கொடுத்தால்
தாள் ஆச்சாவோவில் விழுகிறது.
அவளுடைய மூன்று ரசீதுகளை
ரொசெந்தோ படகில் கொடுத்தனுப்பினான்.

இரவில் சாவியை மறந்து திரும்பி வந்தால்
இருட்டறையில் பச்சை விளக்கு துடிக்கிறது.
நாற்காலி காலி.
உள்ளே நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.
மழை கூரையில் அடிக்கிறது,
அவர்களுக்குக் கேட்காது;
அவர்களுடைய மழை வேறு.

பெட்டி கரகரக்கிறது.
தேநீர் போட எழுந்திருக்கிறாள் போல.
இப்போது தேவையே இல்லை என்று
எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.
ஆனாலும் அப்பியாவிலிருந்து
அந்தக் குரல், ஊருக்கே கேட்க:
இருநூற்றுப் பன்னிரண்டை விட்டுவிட்டேன்.